நீரில் நடை பயில்வோம்



ஒரகடம், வல்லம் பக்கத்துக் கழனிகளில் நாற்று நட்ட கால்கள் நம்முடையவை. கண் நாற்றின்மேல் இருக்கும். சேற்றில் கால் தானே பின்னால் வழி அறிந்து போகும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிற்று. கழனிகள் பல தொழிற்பேட்டைகளாயின. மகளும் மருமகளும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள்; நாம் வீட்டோடு நின்றுவிட்டோம். குளியலறையில் வழுக்கி விழுந்த பின்னரே, கால் நம் சொல் கேட்பதில்லை என்று உணர்கிறோம்.

கண், உட்செவி, தசை மூட்டுகளின் உணர்வு ஆகிய மூன்றுமே நம்மை நிமிர்த்தி நிறுத்துகின்றன. வயதில் இவை மங்கும். பயிற்சியால் ஓரளவு தேற்றலாம்.

அதற்குத் தண்ணீர் நல்ல துணை. மார்பளவு நீரில் உடல் பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே காலில் இறங்கும். சாய்ந்தாலும் மெல்லச் சாய்வோம். திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். நீர் எதிர்த்துத் தள்ளுவதால் கை கால் போகும் திசை நன்கு புலப்படும். கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நடப்போம். பிறகு வலக்கையையும் இடக்காலையும் ஒன்றாக உயர்த்துவோம்.

ஏரியும் கிணறும் வேண்டாம். கைப்பிடியுள்ள நீச்சல் குளமும் பக்கத்தில் ஒரு துணையும் தேவை. இதய நோயும் ஆறாத புண்ணும் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். நனைந்த சேலை காலைச் சுற்றும். உடல் முழுதும் மூடும் நீச்சலுடை உண்டு, கூச்சம் வேண்டாம்.

குளத்தில் கற்றதைத் தரையிலும் பழக வேண்டும். அடுப்படிச் சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்போம். அருகிலுள்ள குளங்களில் பெண்களுக்கென ஒரு மணி நேரம் ஒதுக்கும்படி சேர்ந்து கேட்போம். சேற்றில் தடுமாறாத கால்கள் தரையில் தோற்கலாகாது.