தோற்கும் குழுவுக்குத் துணைநிற்றல்



தாணேயிலிருந்து வாஷிக்குச் செல்லும் மின்சார ரயிலில் மாலை வேளையில் ஐரோலியில் இறங்குவோர் பலர். மாடுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழ்ந்து, சற்று விசாலமான வீடு நாடி இப்பகுதிக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தினரும் அவர்களிடையே உண்டு. வீட்டை நோக்கி நடக்கும்போது, குடியிருப்புகளுக்கு நடுவேயுள்ள திடலில் சிறுவர்கள் பந்தை உதைத்துக்கொண்டிருப்பர். திடலின் ஓரத்தில் பெரியவர்கள் சிலர் நின்று வாதாடிக்கொண்டிருப்பர். கால்பந்துப் பருவமாயிருந்தால் அவ்வாதத்தின் பொருள் பெரும்பாலும் ஒன்றே: "இந்தக் கோச்சை மாற்ற வேண்டுமா, வேண்டாமா?"

நாம் இன்று ஆராயப் புகும் வினாவும் அதுவே. தாழ்ந்து கிடக்கும் ஓர் ஆட்டக்குழுவைப் புதிதாக ஒருவர் ஏற்றுத் திருத்தியமைக்கத் தொடங்கும்போது, அக்குழுவின்மீது அன்பு வைத்தவர்கள் எவ்வளவு காலம் பொறுத்திருத்தல் வேண்டும்? 'பொறுத்தார் பூமியாள்வார்' என்பது நம் பழமொழி. 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்பதும் நம் பழமொழியே. இவ்விரண்டுக்கும் இடையே நேர்வழி காண்பது எங்ஙனம்?

முதலில் நம் நகரத்துக் கதையைப் பார்ப்போம். இந்தியன் சூப்பர் லீக் என்னும் போட்டி 2014ஆம் ஆண்டு தோன்றியது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் மும்பை சிட்டி குழுவின் சொந்தத் திடல் நெரூலில் உள்ள டி.ஒய். பாட்டீல் விளையாட்டரங்கு. ஐரோலிவாசிகளுக்கு அது ஏறக்குறைய வீட்டு வாசல். முதலாண்டில் இங்கிலாந்தின் பீட்டர் ரீட் பயிற்சியாளராயிருந்தார். எட்டுக் குழுக்களில் ஏழாம் இடம் கிடைத்தது. 2015இல் பிரான்சு நாட்டு நிக்கோலாஸ் அனெல்கா ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். ஆறாம் இடம் கிடைத்தது. 2016இல் அலெக்சாந்திரே கிமராயிஸ் வந்தார். மூன்று ஆண்டுகளில் மூன்று பயிற்சியாளர்கள்!

இதில் நாம் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. அந்நாளில் ஒரு பருவத்துக்கு லீக் ஆட்டங்கள் பதினான்கே. அக்டோபரில் தொடங்கிய போட்டி டிசம்பரில் முடிந்துவிடும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் யுனைடெட் குழுவை 1986 நவம்பரில் ஏற்ற அலெக்ஸ் ஃபெர்குசன் முதற்பருவத்தில் பதினோராம் இடம் பெற்றார். 1989-90இல் பதின்மூன்றாம் இடத்துக்கு இறங்கினார். அவரை விலக்க வேண்டும் என்ற குரல் அரங்கிலேயே எழுந்தது. 1990 மே மாதத்தில்தான் முதற்கோப்பை அவர் கைக்கு வந்தது. லீக் பட்டத்துக்கு 1993 வரை காத்திருக்க நேர்ந்தது. 2013இல் ஓய்வு பெற்றபோது அப்பட்டங்கள் பதின்மூன்று. இக்கதையை நம்மவர் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். ஆனால் முதற்கோப்பைக்கு முன் அவருக்குக் கிடைத்த லீக் ஆட்டங்கள் மட்டுமே நூற்றுக்கு மேற்பட்டவை என்பதை மறந்துவிடுவர். பதினான்கே ஆட்டங்களில் ஒருவருடைய திறமையை எடைபோட்டு அனுப்பிவிடுதல், நாற்று நட்ட மறுவாரமே களத்துமேட்டில் நெல்லைத் தேடுவது போன்றதன்றோ? ஆகவே பொறுமையை ஆண்டுகளால் அளப்பதைக் காட்டிலும் ஆட்டங்களால் அளப்பதே நியாயம்.

பொறுமையின் மதிப்பை மும்பை மக்களுக்கு உணர்த்திய மற்றொரு கதை உண்டு. சூப்பர் லீக் தோன்றுமுன்பே, 2007இல், 'மும்பை எஃப்.சி.' என்னும் கழகம் அமைக்கப்பட்டு ஐ-லீக் போட்டியில் ஆடி வந்தது. 2009 முதல் ஏழு பருவங்கள் அதன் பயிற்சியாளர் காலித் ஜமீல். அவர் காலத்தில் அக்கழகம் பெரும்பட்டம் எதனையும் வென்றதில்லை; ஆயினும் ஒரு முறையேனும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியதுமில்லை. "எத்தனை நாளைக்குத்தான் இப்படி நடுவிலேயே நிற்பது?" என்ற சலிப்பு யாருக்கும் இயல்பே. 2016இல் அவர் கழகத்தினின்று நீங்கினார். அடுத்த பருவத்தில் நடந்தது என்ன? காலித் ஜமீல் மிசோரம் மாநிலத்துச் சிறு கழகமாகிய ஐஸ்வாலுக்குச் சென்று, 2017 ஏப்ரலில் ஐ-லீக் பட்டத்தையே வென்றார். அதே பருவத்தில் மும்பை எஃப்.சி. கடைசி இடத்துக்கு வீழ்ந்து, கீழிறங்கி, பின்னர் கழகமே மூடப்பட்டது. அதற்கு முன் 2010இல் மகிந்திரா யுனைடெட் கழகமும் கலைக்கப்பட்டதை நாம் அறிவோம். ஆக, ரசிகனுக்கு இங்கே இழப்பு என்பது ஒரு கோப்பை மட்டுமன்று. சனிக்கிழமை மாலை போவதற்கு ஓரிடம், உடன் நின்று குரல் கொடுக்க நான்கு நண்பர்கள், பிள்ளைக்குக் காட்ட ஒரு சட்டை நிறம் ஆகிய எல்லாமே ஒருநாள் இல்லாமற் போய்விடலாம். காலித் ஜமீல் 2025இல் இந்திய நாட்டுக் குழுவுக்கே பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணுதல் தகும்.

இவ்வளவில் நிறுத்தினால், "பொறுமை ஒன்றே போதும்" என்று நாம் கூறியதாக முடியும். உண்மை அவ்வளவு எளிதன்று. மறுபக்கத்தையும் கூறுவதே நேர்மை.

சென்னையின் எஃப்.சி. குழுவை 2017இல் ஏற்ற ஜான் கிரெகரி, 2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் சொந்த அரங்கிலேயே 3-2 என்று வென்று கோப்பையைக் கொணர்ந்தார். அடுத்த பருவத்தில் அதே குழு பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றி பெற்று, ஒன்பது புள்ளிகளுடன் கடைசி இடத்தில் நின்றது. கழகம் அவரைக் கைவிடவில்லை, பொறுத்தது. ஆனால் மூன்றாம் பருவமும் தடுமாற்றத்துடனேயே தொடங்கியது. 2019 முடியுந் தறுவாயில் கிரெகரி விலக, ஓவன் காயில் வந்தார். பட்டியலின் அடியில் கிடந்த குழு ஒன்றன்பின் ஒன்றாக வென்று மேலேறத் தொடங்கியது.

அப்பயணத்தின் திருப்புமுனை நம் மும்பையிலேயே நிகழ்ந்தது. 2020 பிப்ரவரியில் அந்தேரித் திடலில் மும்பையும் சென்னையும் மோதின. வெல்பவருக்கு அரையிறுதி வாயில் திறக்கும் நிலை. மும்பைத் தமிழனுக்கு அது தர்மசங்கடமான மாலை: பிறந்த மண்ணுக்குக் கைதட்டுவதா, பிழைக்கும் மண்ணுக்குக் கைதட்டுவதா? ஆட்டம் முடிவதற்குச் சற்று முன்னர் சென்னைக்காக ஒரே கோலைப் போட்டவர் லூசியன் கோயன். முந்தைய ஆண்டுகளில் மும்பைக்கே தடுப்பாளராய் நின்றவர்! சென்னை அரையிறுதிக்கும், அதைத் தாண்டி இறுதியாட்டத்துக்கும் சென்றது. மும்பையின் பயிற்சியாளர் ஜோர்ஜே கோஸ்டா சின்னாட்களில் கழகத்தினின்று விடைபெற்றார். 2018இல் கோவாவிடம் 0-5 என்று தோற்ற குழுவை அதே பருவத்தில் மூன்றாம் இடத்துக்கு உயர்த்தியவர் அவர். 2025இல் அவர் காலமான செய்தி வந்தபோது, அந்தத் தோல்விகளைக் காட்டிலும் அந்த எழுச்சியே பலருக்கும் நினைவுக்கு வந்திருக்கும்.

ஆகவே, பொறுமை சில வேளை பலன் தரும். மாற்றமும் சில வேளை பலன் தரும். அப்படியானால் ரசிகன் எதைக்கொண்டு முடிவு செய்வது? பட்டியலில் உள்ள இடத்தை மட்டும் பார்ப்பவன் ஏமாறுவான். பட்டியல் நேற்றைய கணக்கு. கட்டப்படும் குழுவோ நாளைய சரக்கு. நாளையதைக் காட்டும் அடையாளங்கள் ஆட்டத்திலேயே உள்ளன. அவற்றை மும்பையின் பிற்காலக் கதை தெளிவாகக் காட்டுகிறது.

செர்ஜியோ லொபேரா 2020-21இல் லீக் கேடயத்தையும் கோப்பையையும் ஒருங்கே வென்று தந்துவிட்டுச் சென்றார். 2021 அக்டோபரில் இளைஞரான டெஸ் பக்கிங்காம் அவ்விடத்துக்கு வந்தார். பட்டம் வென்ற குழு அவர் கையில் ஐந்தாம் இடத்துக்கு இறங்கி, அரையிறுதியையும் தவறவிட்டது. "பழையவர் இருந்திருந்தால்!" என்ற பெருமூச்சு எழுவது இயல்பே. ஆனால் கூர்ந்து நோக்கியவர்களுக்குச் சில அடையாளங்கள் புலப்பட்டன.

முதல் அடையாளம், இளைஞர்களிடம் காட்டும் நம்பிக்கை. 2022 ஜனவரியில் மிசோரத்து இளைஞர் லாலியன்சுவாலா சாங்தே சென்னையினின்று மும்பைக்கு வந்தார். வேகம் மிகுந்தவர், ஆயினும் கிட்டிய வாய்ப்பை வீணாக்குபவர் என்று பேசப்பட்டவர். பக்கிங்காம் அவரை இடைவிடாது களமிறக்கினார். அடுத்த பருவத்தில் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும், நாட்டின் சிறந்த வீரர் விருதும் அவரைத் தேடி வந்தன.

இரண்டாம் அடையாளம், வலியவர் முன் குழு நடந்துகொள்ளும் முறை. லீக்கில் ஐந்தாம் இடம் பெற்ற அதே குழு, 2022 ஏப்ரலில் ரியாதில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஈராக்கின் விமானப்படைக் குழுவை 2-1 என்று வென்றது. அப்போட்டியில் ஓர் இந்தியக் கழகம் பெற்ற முதல் வெற்றி அது.

மூன்றாம் அடையாளம், முறை மாறாமை. தோற்றாலும் வென்றாலும் ஆட்டத்தின் அமைப்பு ஒன்றேயாக இருக்கிறதா, வாரத்துக்கொரு புதுத் திட்டமாக அலைகிறதா என்று பார்க்க வேண்டும். தச்சன் அளந்தே அறுக்கிறானா, அறுத்தபின் அளக்கிறானா என்று பார்ப்பதற்கு அது ஒப்பாகும்.

இவற்றைக் கண்டு பொறுத்தவர்களுக்கு 2022-23இல் கைம்மாறு கிடைத்தது. பதினெட்டு ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வியின்றி ஆடி, இருபது ஆட்டங்களில் 46 புள்ளிகள் பெற்றுக் கேடயத்தை மும்பை மீண்டும் வென்றது. ஓவன் காயில் ஜம்ஷெட்பூர் குழுவிலும் இதையே செய்தார்: முதலாண்டில் ஆறாம் இடம், 2021-22இல் முதலிடம். அவரே பின்னர் சென்னைக்குத் திரும்பி வந்தபோது முதற்பருவத்தில் ஆறாம் இடமும் அடுத்ததில் பதினோராம் இடமும் பெற்றார் என்பதையும் மறைக்கலாகாது. அடையாளங்கள் ஜோசியம் ஆகா. அவை நம் பொறுமைக்கு ஒரு காரணம் தருகின்றன. காரணமுள்ள பொறுமை தோற்றாலும் அதில் வெட்கமில்லை.

இனி நம் நாட்டுக் கால்பந்து வரலாற்றிலேயே மிகச்சிறந்த சான்றைக் கூறி முடிப்போம். ஹைதராபாத்தில் பள்ளியாசிரியராயிருந்த சையது அப்துல் ரஹீம் இந்தியக் குழுவைப் பயிற்றி, 1951 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று தோற்றது. நம் வீரருள் பலர் அன்று வெறுங்காலுடன் ஆடினர். இன்று அத்தகைய தோல்வி நேர்ந்தால் பயிற்சியாளரின் கதி என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். அன்றோ ரஹீம் தொடர்ந்தார். வீரர்கள் காலணி பூண்டனர். புதிய ஆட்டமுறை கற்றனர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது.

1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியா முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. அரங்கத்து மக்களும் நமக்கு எதிராயிருந்தனர். ரஹீமின் உடலையோ கொடிய நோய் அரித்துக்கொண்டிருந்தது. ஆயினும் அவர் கலங்கவில்லை. தலையில் காயமுற்ற தடுப்பாளர் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு மாற்றினார். இறுதியாட்டத்தில் அதே தென்கொரியாவை இந்தியா 2-1 என்று வென்றது. கோல்களைப் போட்டவர்கள் பி.கே. பானர்ஜியும் அந்த ஜர்னைல் சிங்கும். கோல்கீப்பராய் நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஒன்பது மாதங்களுக்குப் பின், 1963 ஜூனில், ரஹீம் மறைந்தார். ஹெல்சிங்கிக்கும் ஜகார்த்தாவுக்கும் இடையே பத்தாண்டுகள். 1952இலேயே அவரை அனுப்பியிருந்தால் 1962 என்னும் ஆண்டு நமக்குக் கிடைத்திருக்குமா?

நேயர்களே! ஐரோலியிலிருந்து அந்தேரித் திடலுக்குச் செல்வது சிறு காரியமன்று. தாணேக்கு ஒரு ரயில், காட்கோபருக்கு ஒரு ரயில், பின்னர் மெட்ரோ. தோல்வியைக் கண்டு அதே வழியில் நள்ளிரவு திரும்ப வேண்டும். இவ்வளவு செலவிட்டவனுக்குக் கோபிக்கும் உரிமை உண்டு. கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு. ஆனால் கேள்வி ஆட்டம் முடிந்தபின் எழட்டும்; ஆட்டம் நடக்கும்போது குரல் வீரனுக்குத் துணையாகட்டும். பந்தைத் தவறவிட்ட பத்தொன்பது வயது இளைஞனுக்குத் தன் அரங்கமே சிரித்தால், அடுத்த முறை அவன் பந்தையே கேட்கமாட்டான். அவன் பந்தைக் கேட்காத குழுவை எந்தப் பயிற்சியாளராலும் கட்ட இயலாது.

திடலோரத்தில் வாதாடும் நண்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. வாதாடுங்கள், ஆனால் பட்டியலைப் பார்க்குமுன் ஆட்டத்தைப் பாருங்கள். வேலை நடப்பது கண்ணுக்குத் தெரிந்தால், இன்னும் ஒரு பருவம் கொடுங்கள்.