எந்தக் கடற்கரைக்குப் போகலாம்?



கெடாவில் பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரு பட்டிமன்றம் தொடங்கிவிடும். பிள்ளைகள் லங்காவி அணி. அப்பா பினாங்கு அணி. அவர் பெட்ரோல் கணக்குப் பார்ப்பவர். அம்மா இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, "சமைத்து எடுத்துக்கொண்டு போவதா, அங்கேயே வாங்கிச் சாப்பிடுவதா?" என்று கேட்பார். பாட்டி எந்த அணியிலும் சேரமாட்டார். "எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போங்கள். உட்கார நிழல் இருக்கிறதா, பக்கத்தில் கழிவறை இருக்கிறதா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்பார். இத்தனை பேரில் சரியான கேள்வியைக் கேட்பவர் பாட்டி ஒருவர்தான்.

மற்றவர்கள் கடற்கரையின் பெயரைப் பார்க்கிறார்கள். பாட்டியோ போகிறவர்கள் யார் என்று பார்க்கிறார். மூன்று வயதுக் குழந்தையும் முழங்கால் வலிக்காரரும் போகிற வேனுக்கு ஒரு கடற்கரை. பதினெட்டு வயது இளைஞர்கள் ஐந்து பேர் போகிற காருக்கு வேறொரு கடற்கரை. விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே படம்தான் போடுவார்கள்.

முதலில் சொந்த மாநிலத்தைப் பார்ப்போம். கெடாவுக்கு நீண்ட கடலோரம் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி சேறு. யான் தொடங்கி கோலா கெடா வரைக்கும் பல இடங்களில் கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேற்று நிலம்தான். இதில் யார் குற்றமும் இல்லை. மலாக்கா நீரிணையில் பெரிய அலை கிடையாது. ஆறுகள் கொண்டுவரும் வண்டலை அடித்துக்கொண்டு போக அங்கே ஆளில்லை. அதனால் வண்டல் படிகிறது, அதில் அலையாத்தி மரம் வளர்கிறது, இறாலும் நண்டும் பெருகுகின்றன. மீனவருக்கு அது சொர்க்கம். வாளியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போன குழந்தைக்கு ஏமாற்றம். யானுக்குப் போகிற குடும்பம் கடலைவிட ஜெராய் மலை அடிவாரத்து அருவிகளை நம்பிப் போவது நல்லது.

சுங்கை பட்டாணிக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது பந்தாய் மெர்டேக்கா. மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடம். எதிர்க்கரையில் தஞ்சோங் டாவாய் மீனவர் ஊர். படகில் ஏறினால் சில நிமிடத்தில் அக்கரை. பின்னால் 1,217 மீட்டர் உயரத்தில் ஜெராய் மலை. அந்த மலையை அடையாளம் வைத்துத்தான் அந்தக் காலத்துக் கப்பல்கள் இந்த முகத்துவாரத்துக்குள் நுழைந்தன. 1025-இல் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம் இந்த வட்டாரம்தான். தமிழ்ப்பள்ளியில் ஆண்டுதோறும் படிக்கிற பாடம். ஆனால் மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தையும் பந்தாய் மெர்டேக்காவையும் ஒரே நாளில் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம் என்பது எத்தனை பெற்றோருக்குத் தோன்றுகிறது?

பந்தாய் மெர்டேக்காவில் மர நிழல் உண்டு, சாப்பாட்டுக் கடை உண்டு, பாட்டிக்கு இடம் உண்டு. ஆனால் அது ஆற்று வாய். கடல் வற்றும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்துகொண்டு வெளியே இழுக்கும். மேலே பார்த்தால் குளம் மாதிரி அமைதியாகத் தெரியும், இழுப்பு அடியில் இருக்கும். உட்காரவும், சாப்பிடவும், பொழுது சாய்வதைப் பார்க்கவும் அருமையான இடம். குளிப்பதற்கு முகத்துவாரத்தை விட்டுத் தள்ளிப் போக வேண்டும். எந்த ஆற்று வாய்க்கும் இதே கணக்குதான். பெருமழை பெய்த மறுநாள் ஊர்க் குப்பையும் சாக்கடையும் வந்து சேருகிற இடமும் அதுவே. பினாங்கில் பத்து பெரிங்கி ஆனாலும், ஆறு கலக்கும் மூலையை விட்டு விலகித்தான் பிள்ளைகளை இறக்க வேண்டும்.

சரி, எந்த நாளில் போவது? இதற்குத் தமிழர் வீட்டில் ஒரு வசதி இருக்கிறது. சுவரில் தொங்கும் நாள்காட்டி. அமாவாசை, பௌர்ணமி எல்லாம் அதில் அச்சிட்டிருக்கும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே லங்காவிப் பக்கம் ஆளுயரத்துக்கு வித்தியாசம் வரும். அவ்வளவு தண்ணீர் ஆறு மணி நேரத்துக்குள் ஏறவோ வற்றவோ வேண்டும் என்றால் இழுப்பும் அதிகம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் குறைவு, நீரோட்டமும் அடங்கியிருக்கும். அஷ்டமியில் நல்ல காரியம் எதுவும் தொடங்கக்கூடாது என்பார்கள். குழந்தையைக் கடலில் இறக்குகிற காரியத்துக்கு மட்டும் அஷ்டமிதான் விசேஷம்! தெலுக் பகாங்கில் மாசி மகத் தெப்பத் திருவிழாவுக்குக் கூட்டமாகப் போகிறவர்களும், ஆடி அமாவாசைக்குப் பிதுர்க்கடன் செய்யக் கடலுக்குப் போகிறவர்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு நாளும் கடல் பெரிதாக ஏறி இறங்கும் நாட்கள்தான்.

கிழமைக் கணக்கு ஒன்றும் உண்டு. கெடாவில் பள்ளிக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் வெள்ளி, சனி விடுமுறை. பினாங்கில் சனி, ஞாயிறு. அப்பா பிறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், பிள்ளை சுங்கை பட்டாணியில் படிக்கிறான் என்றால், இருவருக்கும் பொதுவாக ஓய்வு கிடைக்கிற நாள் சனிக்கிழமை ஒன்றுதான். இந்தக் கணக்கில் கெடாவும் பினாங்கும் சேர்ந்து ஒரே சனிக்கிழமையில் தஞ்சோங் பூங்கா சாலையில் ஊர்கின்றன. பத்து பெரிங்கிக்குப் போகும் அந்த வளைவுப் பாதையில் நின்று நின்று போவதற்குள் குழந்தை வாந்தி எடுத்துவிடும். அப்பா ஒரு நாள் லீவு போட்டு வெள்ளிக்கிழமை கிளம்பினால், அதே கடற்கரையில் பாதிக் கூட்டம்தான் இருக்கும். அந்த ஒரு நாள் சம்பளத்தைச் சனிக்கிழமைப் பெட்ரோலோடும் எரிச்சலோடும் வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டியது அவரவர் பொறுப்பு.

பருவத்தைப் பொறுத்தவரை கெடாக்காரர் கொடுத்துவைத்தவர். ஆண்டுக் கடைசியில் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகள் ஏறக்குறைய அடங்கிவிடும். அதே நேரத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை லங்காவியில் வெயில். செப்டம்பர், அக்டோபரில்தான் இந்தப் பக்கம் மழை அதிகம். சுமத்ரா காற்று விடியற்காலையில் திடீரென்று கிளம்பினால் கோலா கெடாவில் ஃபெரி ஏறுவதற்கு முன்பே பாதிப்பேருக்கு வயிறு கலங்கிவிடும்.

லங்காவிக்கே வருவோம். 1987 முதல் வரியில்லாத் தீவு. அதனால் பலருக்கு அங்கே கடற்கரையைவிடச் சாக்லேட் கடையும் பீங்கான் கடையும்தான் முக்கியம். அது தனிக் கதை. பந்தாய் செனாங்கில் மணல் அகலம், கடை நிறைய, நீர் விளையாட்டு எல்லாம் உண்டு. இளைஞர்களுக்கு ஏற்ற இடம். ஆனால் நீர் மோட்டார் ஓடுகிற தண்ணீரில் சின்னப் பிள்ளைகளை விடக்கூடாது. பக்கத்திலேயே பந்தாய் தெங்கா கொஞ்சம் அமைதி. வடக்கே தஞ்சோங் ரூவில் கடல் ஆழமில்லாமல் நீண்டு கிடக்கும். வற்றும்போது மணல்திட்டில் நடக்கலாம். நேரம் பார்த்துத் திரும்பிவிட வேண்டும். பாசிர் ஹீத்தாம் என்கிற கறுப்பு மணல் கரையைப் பார்க்கலாம், கதை சொல்லலாம். மணல் கறுப்பானது இல்மனைட், டூர்மலின் போன்ற கனிமங்களால்தான். குளிக்கப் போகிறவர்களுக்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை.

சொறிமீன் பற்றி யாரும் சொல்வதில்லை, வியாபாரம் கெட்டுவிடும் என்று. இந்தக் கடலில் பெட்டிச் சொறிமீன் உண்டு. 2010-இல் பந்தாய் செனாங்கில் ஸ்வீடன் நாட்டுப் பெண் ஒருவர் சொறிமீன் தீண்டி இறந்தார். அதற்காகக் கடலையே ஒதுக்க வேண்டியதில்லை. கை கால் மூடிய நீச்சல் உடை பாதி ஆபத்தைக் குறைக்கும். பையில் ஒரு பாட்டில் வினிகர் இருக்கட்டும். தீண்டிய இடத்தில் தேய்க்கக்கூடாது, குழாய்த் தண்ணீர் ஊற்றக்கூடாது. வினிகரை ஊற்றிவிட்டு 999-ஐ அழைக்க வேண்டும். சிறுநீர் வைத்தியம் சொல்கிற பெரியவர் கூட்டத்தில் ஒருவர் இருப்பார். அவரை அன்போடு தள்ளி உட்காரவைக்க வேண்டும். சேற்றுக் கடலில் செம்பிலாங் மீனின் முள் குத்தினால் அதற்கு வினிகர் உதவாது. பொறுக்கிற அளவு சூட்டில் வெந்நீரில் காலை வைத்து, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. சுடிதாரும் துப்பட்டாவுமாக இறங்கும் பெண்களுக்கு, நனைந்த துணியே காலைப் பிடித்து இழுக்கும் கல். உடை மாற்ற ஒழுங்கான அறை இல்லாததால்தான் பலர் அப்படி இறங்குகிறார்கள். ஆகவே அறை இருக்கிற கரையாகப் பார்ப்பதும் பாதுகாப்புக் கணக்கில்தான் சேரும்.

தமிழ்க் குடும்பங்களிடம் ஒரு விநோதம். கடல் தாண்டி வந்தவர்களின் வாரிசுகள் இவர்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, பீடோங், பாடாங் செராய், கோலா கெட்டில் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். தோட்டத்தில் வளர்ந்த தலைமுறையாவது ஆற்றிலும் அல்லூரிலும் குதித்துக் கை கால் அடிக்கப் பழகியது. தோட்டம் போய்த் தாமான் வந்தபின் பிள்ளைகளுக்கு அந்த ஆறும் இல்லை. நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போக யாருக்கும் நேரமும் இல்லை. வருடத்தில் ஒரு நாள் கடலைப் பார்க்கிற பிள்ளை, கண்மண் தெரியாமல் ஓடும். மூழ்குகிற குழந்தை கத்திக் கூப்பிடாது. வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது எப்படிக் கத்தும்? நாற்பது பேர் கரையில் இருப்பார்கள், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பார்கள். இன்ன நேரம் வரை இன்னார் என்று ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் கையில் கைப்பேசியும் இருக்கக்கூடாது, பிரியாணிப் பொட்டலமும் இருக்கக்கூடாது. காற்றடைத்த வாத்து வளையம் விளையாட்டுப் பொருள். காலையில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும். அந்த வளையத்தை அது நேராக ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும்.

2004 டிசம்பர் 26-ஐ விட்டுவிட்டு இந்த வட்டாரத்தில் கடற்கரையைப் பற்றிப் பேச முடியாது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பள்ளி விடுமுறை. மலேசிய நேரம் காலை ஒன்பது மணியளவில் சுமத்ராவுக்கு அப்பால் நில அதிர்ச்சி. அலை பினாங்குக்கும் கெடாவுக்கும் வந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. இடையில் ஏறக்குறைய நான்கு மணி நேரம்! பத்து பெரிங்கியிலும் பாலிக் புலாவிலும் குடும்பங்கள் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. சொல்ல ஆளில்லை. நாட்டில் 68 பேர் இறந்தார்கள். பினாங்கில் 52, கெடாவில் 12. கோத்தா கோலா மூடாவில் மீனவர் வீடுகள் நொறுங்கின. கப்பல் ஏறிய அதே நாகப்பட்டினம் அன்று தமிழகத்திலேயே அதிகம் இழந்த மாவட்டம்.

கடல் திடீரென்று உள்வாங்கினால் ஓட வேண்டும் என்று அன்று பலருக்குத் தெரியாது. துள்ளும் மீனைப் பொறுக்க ஓடியவர்களும் உண்டு. அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், டில்லி ஸ்மித் என்ற 10 வயது ஆங்கிலச் சிறுமி தண்ணீர் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து, பூகோள வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்து, பெற்றோரை வற்புறுத்தி அந்தக் கடற்கரையையே காலி செய்ய வைத்தாள். சில வாரங்களுக்கு முன் நடந்த ஒரே ஒரு பாடம்! 2005-க்குப் பிறகு மலேசிய வானிலைத் துறைக்குச் சுனாமி எச்சரிக்கை மையம் வந்துவிட்டது. கரையோரங்களில் சங்கொலிக் கம்பங்கள் நிற்கின்றன. சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது, மேட்டு நிலம் எங்கே, வண்டியை எந்தத் திசை பார்த்து நிறுத்துவது என்பதை இறங்கியவுடன் பார்த்துக்கொள்ள இரண்டு நிமிடம் போதும்.

கோத்தா கோலா மூடாவில் சுனாமி காட்சிக்கூடம் இருக்கிறது. பந்தாய் மெர்டேக்காவுக்குப் போகிற வழிதான். பிள்ளைகளை முதலில் அங்கே இறக்கி, அதைப் பார்த்த பிறகு கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். கேள்வி நிறையக் கேட்பார்கள். பாட்டி பதில் சொல்லட்டும், அவருக்கு அந்த நாள் நினைவிருக்கும். வெயில் தாழ்ந்த பின் படகில் தஞ்சோங் டாவாய் போய் நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டு, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.