முற்றிய நாற்று தூர் கட்டாது

   

‘ஓர் அணிக்கு வலிமை தருவது மூத்தவரின் அனுபவமா? புதியவரின் இளமையா?’ இதுதான் தலைப்பு. நான் இளமைக்காகப் பேச வந்திருக்கேன். என் தலையைப் பார்த்துச் சிரிக்காதீங்க. (சிரிப்பு) வீட்டிலேயும் இதே சிரிப்புதான். “நரைச்ச தலையை வச்சுக்கிட்டு நீங்க அந்தப் பக்கம்லா உக்காரணும்?”னு கேட்டா என் வீட்டுக்காரி. ஏன் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன் என்பதைக் கடைசியில் சொல்லுதேன்.

எதிரணி அண்ணாச்சி, அஸ்வினைப் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கிட்டுப் போயிட்டார். நானும் சேர்ந்துதான் தட்டினேன். 106 டெஸ்ட், 537 விக்கெட், 6 சதம். சும்மாவா? 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்காள தேசத்துக்கு எதிரே 113 ரன் அடிச்சார். அதே ஆட்டத்தில் 88 ரன் கொடுத்து 6 விக்கெட்டும் எடுத்தார். “அப்பேர்ப்பட்ட மனுஷரை இரண்டே மாசத்தில் பெர்த் ஆட்டத்துக்கு வெளியே உட்கார வச்சு, வாஷிங்டன் சுந்தரை இறக்கினாங்களே, இது நியாயமா?” என்று அண்ணாச்சி கேட்டார். அந்த டிசம்பர் 18-ஆம் தேதி, தொடர் முடியும் முன்பே பிரிஸ்பேனில் அஸ்வின் ஓய்வை அறிவிச்சபோது எங்க வீட்டிலும் ஒருத்தர் முகமும் சரியில்லை.

ஆனா நடுவர் அவர்களே, அண்ணாச்சி கதையைப் பாதியில் ஆரம்பிச்சிட்டார். முதல்லேருந்து நான் சொல்லுதேன்.

2001-ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியா வந்திருக்கு. அனுபவசாலி கும்ப்ளேக்குத் தோளிலே காயம். இருபது வயசு ஹர்பஜனிடம் பந்தைக் கொடுத்தாங்க. மூணே டெஸ்டில் 32 விக்கெட்! பத்து வருஷம் போச்சு. 2011-இல் ஹர்பஜன் 400 விக்கெட்டைத் தாண்டிட்டார். அந்த நவம்பரில் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளோடு டெஸ்ட். ஹர்பஜன் அணியில் இல்லை. இருபத்தஞ்சு வயசில் முதல் டெஸ்ட் ஆட ஒரு சென்னைப் பையன் வந்தான். 9 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனான். அந்தப் பையன் யாரு? நம்ம அஸ்வின்!

“400 விக்கெட் அனுபவம் இருக்கும்போது இந்தப் புதுப்பையன் எதுக்கு?”ன்னு அன்னைக்கு யாராவது கேட்டிருந்தா, அண்ணாச்சி கைதட்டு வாங்கின அந்த 537 எங்கேருந்து வந்திருக்கும்? (பலத்த கைதட்டல்)

இப்ப வாஷிங்டனுக்கு வாரேன். அவரும் சென்னைப் பையன். அவரும் அஸ்வின் மாதிரியே ஆஃப் ஸ்பின். நம்ம பக்கத்து ஊர் பேரைத் தாங்கின தூத்துக்குடி அணியில் டி.என்.பி.எல். ஆடினவர். 2017 ஐ.பி.எல்.லில் அஸ்வினுக்குக் காயம். மாற்றாகப் புனே அணிக்குள் வந்தப்ப இவருக்கு வயசு 17. 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்ட். முதுகுவலியோடு 128 பந்து நின்னு தோல்வியைத் தடுத்தார் அஸ்வின். அடுத்த ஆட்டத்துக்கு அவரால் இறங்க முடியலை. அதனால்தான் பிரிஸ்பேனில் வாஷிங்டனுக்கு முதல் டெஸ்ட். முதல் விக்கெட் யாரு? ஸ்டீவ் ஸ்மித்! பேட்டை எடுத்து 62 ரன். ஆட்டமும் நமக்கு, தொடரும் நமக்கு.

பார்த்தீங்களா? கும்ப்ளேக்குக் காயம், ஹர்பஜன் வந்தார். அஸ்வினுக்குக் காயம், வாஷிங்டன் வந்தார். மூத்தவன் தடுக்கி விழுந்தாத்தான் இளையவனுக்கு வழி பிறக்கணுமா? இது என்ன நியாயம்?

அதே 2021 மார்ச்சில் அகமதாபாத்தில் வாஷிங்டன் ஆட்டமிழக்காமல் 96. அடுத்த டெஸ்ட் அவருக்கு எப்போ கிடைச்சுது தெரியுமா? 2024 அக்டோபர்! மூணு வருஷம் ஏழு மாசம்! இடையில் காயங்களும் உண்டு, ஒத்துக்கிடுதேன். அதுக்காக இத்தனை காலமா?

இங்கே இருக்கிற விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாபநாசம் அணையில் தண்ணி திறக்கத் தாமதமானா நாத்தங்காலில் என்ன ஆகும்? நாத்து முத்திப்போகும். முத்தின நாத்தை எடுத்து நட்டா, பச்சையாத்தான் நிக்கும், தூர் கட்டாது. ‘பொறு, பொறு’ன்னே ஒரு பையனை நிறுத்தி வச்சா, அவனுக்கும் அதே கதிதான். (கைதட்டல்)

நல்லவேளை, வாஷிங்டன் முத்திப்போகலை. அக்டோபரில் புனேயில் நியூசிலாந்து 259-க்கு ஆல் அவுட். வாஷிங்டனுக்கு ஏழு, அஸ்வினுக்கு மூணு. பத்தும் இந்த இரண்டு தமிழ்நாட்டுக்காரங்களுக்கு! அந்த ஆட்டத்தில் தோத்தோம், இல்லைங்கலை. ஆனா மூத்தவர் வரப்பில் நிக்கும்போதே இளையவனை வயலில் இறக்கினா என்ன விளையும்னு அன்னைக்குப் பார்த்தோம். 2025 ஜூலையில் மான்செஸ்டரில் தோல்வி விளிம்பில் நின்ன டெஸ்டை, ஜடேஜாவோடு சேர்ந்து ஆட்டமிழக்காமல் 101 அடிச்சு அதே பையன்தான் காப்பாத்தினான்.

இப்ப என் கதைக்கு வாரேன், நடுவர் அவர்களே. சேரன்மகாதேவிப் பக்கம் எங்க ஊர். பிசான அறுவடை முடிஞ்சு வயல் காஞ்சதும் கிரிக்கெட்தான். நான் கேப்டன், நானே முதல் பந்துவீச்சு. முப்பத்தாறு வயசு வரை இடத்தை விடலை. மேலத்தெருவிலே ஒரு பையன். என்னைவிட நல்லாப் போடுவான், எனக்கே தெரியும். வாராவாரம் சைக்கிளில் வருவான். பந்து பொறுக்குவான், தண்ணி கொண்டுவந்து தருவான். “அடுத்த மேட்ச்லே பாக்கலாம்லே”ன்னு சொல்லுவேன். அப்படியே மூணு வருஷம் சொன்னேன். ஒரு ஞாயித்துக்கிழமை அவன் வரலை. சென்னையில் மளிகைக் கடை வேலைக்குப் போயிட்டான்னாங்க.

ரொம்ப வருஷம் கழிச்சு அந்தக் கடையில் அவனைப் பார்த்தேன். ஓடிவந்து கையைப் பிடிச்சான். ஒரு துளி கோபம் இல்லை. சிரிச்சுக்கிட்டே கேட்டான்: “அண்ணாச்சி, நீங்க இன்னும் ஆடுதியளா?”

எனக்குப் பதில் வரலை, நடுவர் அவர்களே.

அஸ்வினின் 537 விக்கெட்டும் புத்தகத்தில் இருக்கு. எங்க ஊர்ப் பழைய நோட்டில் என் விக்கெட்டுகளும் இருக்கு. ஆனா ஆடவே விடாத பையன் எடுத்திருக்க வேண்டிய விக்கெட் எந்த நோட்டில் இருக்கு? அந்தக் கணக்கைக் கேட்க யாருமே இல்லை. அதைக் கேட்கத்தான், நரைச்ச தலையோடு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கேன்.

அனுபவத்தை நாங்க வீட்டுக்கு அனுப்பச் சொல்லலை. இளையவனுக்குக் கற்றுக்கொடுக்கத்தான் அந்த அனுபவம். ஆகவே, ஓர் அணிக்கு என்றும் வலிமை தருவது புதியவரின் இளமையே என்று நல்லதொரு தீர்ப்பை வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)