நாய்க்கு சிப் போடலாமா?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



2025ல் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு சிப் பொருத்த ஆரம்பித்ததிலிருந்து, நாய் வளர்க்கிற நம் செட் பசங்க போன் போட்டுக் கேட்பது ஒரே கேள்விதான். "டேய், நீ எலக்ட்ரானிக்ஸ்காரன்தானே? அதைப் போட்டா நாய்க்கு கேன்சர் வருமாமே, நெசமா?" நான் கால்நடை மருத்துவன் அல்ல. சிப் வேலை செய்யும் விதம் எனக்குத் தெரியும். உடம்புக்குள் அது என்ன செய்கிறது என்பதை மருத்துவர்கள் எழுதியதைப் படித்துத்தான் சொல்கிறேன்.

வழக்கமான சிப் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் கனம். நீளமான அரிசி மாதிரி ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே ஃபெரைட் துண்டின்மேல் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள், கூடவே ஒரு பொடி சிப். பாட்டரி கிடையாது. ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டு போனால் அதன் 134.2 கிலோஹெர்ட்ஸ் காந்தப்புலம் சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். சிப் விழித்துக்கொண்டு தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும். முதல் வருடம் படித்த டிரான்ஸ்பார்மர் பாடம்தான், தம்பிகளே. ஸ்கேனரை எடுத்துவிட்டால் அது வெறும் கண்ணாடித் துண்டு. ஆகவே 'நாள் பூரா கதிர்வீச்சு' என்ற பயம் வேண்டாம். நாய் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவியும் அல்ல இது.

கேன்சர் பேச்சு எங்கிருந்து வந்தது? எலிகளிடமிருந்து. ஆய்வுக்கூடங்களில் சுண்டெலிகளை அடையாளம் காண இதே சிப்பைத்தான் போடுகிறார்கள். 1997ல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில் 4,279 சுண்டெலிகளில் 0.8 சதவீதத்துக்கு சிப் இருந்த இடத்தில் கட்டி வந்தது. 2006ல் வந்த பிரெஞ்சு ஆய்வில் 1,260 சுண்டெலிகளில் 4.1 சதவீதம். 2007ல் அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் இதையெல்லாம் தொகுத்து எழுதியதும் உலகம் பூரா பரவிவிட்டது.

இந்த ஆய்வுகள் பொய்யல்ல. ஆனால் எலி வகைகளுக்கு ஒரு குணம் உண்டு. தோலுக்கடியில் வழவழப்பான அந்நியப் பொருள் எதை வைத்தாலும், பிளாஸ்டிக் தகடு ஆனாலும் சரி, அங்கே கட்டி கிளம்பலாம். இது சிப் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தெரிந்த விஷயம். அளவையும் பாருங்கள். 30 கிராம் சுண்டெலிக்கும் 30 கிலோ லாப்ரடாருக்கும் போடுவது ஒரே மாதிரி குப்பி!

நாய், பூனைகளில் அப்படி எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. 2006ல் இத்தாலி மருத்துவர்கள் 9 வயது பிரெஞ்சு புல்டாக் ஒன்றுக்கு சிப் பக்கத்திலேயே புற்றுக்கட்டி இருந்ததை எழுதினார்கள். பூனைகளிலும் ஓரிரண்டு பதிவாகியுள்ளன. அதே இடத்தில்தான் தடுப்பூசிகளும் போடுவது வழக்கம். பூனைக்குத் தடுப்பூசி போட்ட இடத்தில் புற்று வருவது 1990களின் தொடக்கத்திலேயே தெரியும். காரணம் எது என்று பிரிப்பது கஷ்டம்.

இங்கிலாந்தில் சிறு விலங்கு மருத்துவர் சங்கம் 1996ல் ஒரு புகார்ப் பதிவேடு திறந்தது. 40 லட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகளுக்கு சிப் போட்ட நிலையில் வந்த புகார்கள் 391. பெரும்பாலானவை சிப் இடம் நகர்ந்தது பற்றியவை. கட்டி, சீழ், வீக்கம் எல்லாம் சொற்பம். இந்தக் கணக்கைக் காட்டி 'ஆபத்தே இல்லை' என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தொழிற்சாலையில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும், வாடிக்கையாளர் புகார் எழுதவில்லை என்பதால் சரக்கு பழுதில்லை என்று ஆகிவிடாது. அந்த 391ஐ நான் குறைந்தபட்சக் கணக்கு என்றுதான் வைத்துக்கொள்வேன். அதைப் பல மடங்கு பெருக்கினாலும் ஆயிரத்தில் ஒன்றைத் தொடுவதற்கே பத்து மடங்கு வேண்டும்.

நான் பயப்படுவது ஊசிக்கு. சாதாரணத் தடுப்பூசி மாதிரி இல்லை, நல்ல தடிமன். குட்டிப் பிராணி துள்ளும் நேரத்தில் கை தவறினால் என்ன ஆகும்? பூனை ஒன்றின் தண்டுவடத்திலேயே சிப் இறங்கிவிட்டதை 2007ல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. ஆகவே "யார் போடுகிறார்கள், எத்தனை போட்டுப் பழக்கம்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். போடுவதற்கு முன்பே ஸ்கேனரால் அந்தச் சிப்பைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், போட்ட பிறகும் ஒருமுறை. வருடா வருடம் தடுப்பூசிக்குப் போகும்போது தோள், முன்னங்கால் வரை தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அது நகரும். பின்னாளில் கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் சிப் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைச் சுற்றிப் படம் கலைந்து போகும்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்பீர்கள். அமெரிக்காவில் 53 காப்பகங்களில் எடுத்த கணக்கு 2009ல் வெளிவந்தது. தெருவிலிருந்து வந்து சேர்ந்த நாய்களில் வீடு திரும்பியவை மொத்தத்தில் 21.9 சதவீதம், சிப் இருந்தவற்றில் 52.2. பூனைக்கு 1.8 எங்கே, 38.5 எங்கே! அந்த ஊர்க் காப்பகங்களில் ஆள் வராத பிராணியைக் கருணைக்கொலை செய்வதும் உண்டு என்பதை நினைத்துப் பாருங்கள். சிப் இருந்தும் சொந்தக்காரரைப் பிடிக்க முடியாமல் போனதற்குப் பெரும்பாலும் காரணம் பழைய போன் நம்பர், அல்லது பதிவே செய்யாதது. நம்பர் மாற்றினால் கேஸ் ஏஜென்சிக்குச் சொல்கிறோம், இதையும் சொல்ல வேண்டாமா?

எங்கள் வீட்டு நாய்க்கு நான் போட்டிருக்கிறேன். குளிப்பாட்டும்போது கழுத்துப் பக்கம் கையால் தடவிப் பார்ப்பது வழக்கம். பூனைக்கு ஊசி போட்ட இடத்துக் கட்டிக்கு மருத்துவர்கள் 3-2-1 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 3 மாதம் தாண்டியும் கரையவில்லை, 2 சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாகிவிட்டது, 1 மாதத்துக்குப் பிறகும் வளர்கிறது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். சிப் போட்ட இடத்துக்கும் நான் அதையே பின்பற்றுகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டார்கள். கேள்வி இருந்தால் பந்தியில் கேளுங்கள்.