தீக்கு ஏணி போடும் புதர்

சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் நேயர்களுக்கு, ஹவாயிலிருந்து ஒரு தகவல். அங்கே லஹைனா ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருந்த கரும்புத் தோட்டங்கள், 1999-இல் அவ்வூர் சர்க்கரை ஆலையை மூடியதும் தரிசாயின. மாட்டுத் தீவனத்துக்கென்று முன்பு கொண்டுவந்த கினியாப் புல் அந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டது. 2023 ஆகஸ்டில், அறுந்த மின்கம்பியில் பற்றிய தீ சூறைக்காற்றோடு காய்ந்த புல்லில் ஓடி ஊரையே எரித்தது. சுமார் 100 பேர் மாண்டார்கள்.

நம் நீலகிரியில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது உண்ணிச்செடி. பூவின் அழகுக்காக வெள்ளைக்காரர் கொண்டுவந்தது, முதுமலைக் காட்டின் அடிப்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. தரையில் ஓடும் தீ பெரும்பாலும் சருகோடு தணிந்துவிடும். ஆளுயரப் புதர் இருந்தால் அதைப் பிடித்து மரக்கிளைக்கு ஏறிவிடும். ‘கொளுத்திவிட்டால் போயிற்று’ என்பார்கள். போகாது, எரிந்த தூரிலிருந்து மழைக்குப் பின் மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே வேரை வெட்டிப் புதரைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். பிறகு அங்கே நாட்டுப் புல்லை வளர்த்து, சில ஆண்டுகளுக்கு முளைக்கிற கன்றுகளையும் பிடுங்க வேண்டும். (புல் எல்லாம் பகையல்ல, சோலைகளைச் சூழ்ந்த புல்வெளி மலையின் சொந்தச் சொத்து.) இவ்வளவுக்கும் செலவு பிடிக்குமே என்பது நியாயமான கேள்விதான். ஆனால் கூடலூர்ப் பழங்குடியினர் உண்ணிச்செடித் தண்டுகளைக் கொண்டே முடைந்த யானை உருவங்கள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. களையே கூலியும் கொடுத்தது. தமிழ்நாடு அரசும் 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்றக் கொள்கை வகுத்துவிட்டது. முதுமலையில் தீக்காலம் தையிலேயே தொடங்கிவிடுகிறது. வேர் வெட்டும் வேலை மண்ணில் ஈரம் இருக்கும்போதே முடிந்தாக வேண்டும்.