சொட்டும் குழாய்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மூடிய பின்னும் குழாயின் வாயில் தொங்கி விழும் ஒரு துளி நீரே அது. இதற்கு வானொலியில் ஒரு பேச்சா என்று நீங்கள் கேட்கக் கூடும். விடையை நீங்களே அளந்து காணலாம். சொட்டும் குழாயின் கீழே ஓர் அளவுக் குவளையை வையுங்கள். ஐந்து நிமிடத்தில் 100 மில்லி லிட்டர் சேர்ந்தது என்று கொள்வோம். அப்படியானால் ஒரு நாளைக்கு 28.8 லிட்டர், ஏறத்தாழ இரண்டு குடம். 2019-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஏரிகள் வறண்டுபோன சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் கொண்டுவந்தார்கள். ஒரு நடைக்கு 50 வேகன்கள். 25 லட்சம் லிட்டர். நாம் கணக்கிட்ட அளவில் 87,000 குழாய்கள் ஒரு நாள் சொட்டினால் அந்த இரயில் தண்ணீர் தீர்ந்துவிடும். அவ்வளவு பெரிய நகரத்திற்கு 87,000 குழாய் ஒரு பெரிய எண்ணிக்கை அன்று.

குழாய் ஏன் சொட்டுகிறது? நம் வீடுகளில் உள்ள பித்தளைத் திருகு குழாயின் அமைப்பு எளியது. இங்கிலாந்தில் ராதர்ஹாம் நகரில் 1845-ஆம் ஆண்டளவில் உருவாகிய அமைப்பு இது. உள்ளே நீர் வரும் துளையைச் சுற்றி ஒரு விளிம்பு உண்டு. அதற்கு இருக்கை என்று பெயர். திருகினால் ஒரு தண்டு கீழிறங்கி, தன் நுனியில் உள்ள ரப்பர் வாஷரை அந்த இருக்கையின்மேல் அழுத்துகிறது. மேல் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் ஒரு கிலோ எடையளவு நீர் அழுத்திக்கொண்டிருக்கும். வாஷர் தேய்ந்தாலோ வெடித்தாலோ அந்த அழுத்தம் வழி கண்டுபிடித்துவிடும். குழாய் சொட்டுகிறதே என்று பலங்கொண்ட மட்டும் முறுக்குவோர் பலர். அதனால் வாஷர் இன்னும் விரைவில் அறுபடுமேயன்றி வேறு பயனில்லை.

பழுது பார்ப்பதற்கு முதலில் தொட்டியடி வால்வை மூடுங்கள். இதை மறந்து குழாயைக் கழற்றியவர் வீட்டில் நடப்பதை நான் வருணிக்க வேண்டுவதில்லை. பிறகு குழாயைத் திறந்து, எஞ்சிய நீரை வடியவிடுங்கள். தலைப்பகுதியில் ஒரு துணியைச் சுற்றி, ஸ்பானரால் இடப்புறமாகத் திருப்பினால் அது கழன்று வரும். அடியில் உள்ள பழைய வாஷரை எடுத்துக் கடைக்கே கொண்டு செல்லுங்கள். வாயால் அளவு சொல்லி வாங்கிய வாஷர் பெரும்பாலும் பொருந்துவதில்லை. புதியதைப் பொருத்துமுன் இருக்கையை விரலால் தடவிப் பாருங்கள். அதில் பள்ளமோ கீறலோ இருந்தால் புதிய வாஷரும் நிலைக்காது. இருக்கையைத் தேய்த்துச் சமன் செய்யும் கருவி உடைய குழாய்க்காரரை அழைப்பதே முறை. இது ஆடவர் வேலை என்று மாணவியர் எவரும் எழுந்து போய்விட வேண்டா. பொறுமை உள்ளவருக்கே இது கைவரும்.

நீர் வாய்வழி சொட்டாமல், திறந்திருக்கும்போது கைப்பிடியின் அடியில் கசிந்தால் குற்றம் வாஷருடையது அன்று. தண்டைச் சுற்றியுள்ள நட்டைக் கால் திருப்பு இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிடில், வால்வை மூடிவிட்டு, நட்டை எடுத்து, கிரீஸ் தோய்த்த நூலைத் தண்டில் சுற்றி மீண்டும் இறுக்குக. திறக்கும்போது குழாய் அதிர்ந்து உறுமினால், வாஷர் தளர்ந்து ஆடுகிறது என்று பொருள். நீர் மெலிந்து வந்தால், வாயில் உள்ள சிறு வலையைக் கழற்றிப் பாருங்கள். உப்பு நீர் ஊர்களில் அது சுண்ணம் படிந்து அடைபட்டிருக்கும். எலுமிச்சைச் சாற்றில் ஓர் இரவு ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போதும்.

கால் திருப்பில் திறந்து மூடும் புதுவகைக் குழாய்களில் ரப்பர் வாஷருக்குப் பதில் இரண்டு பீங்கான் தட்டுகள் உரசி நிற்கின்றன. அவை நெடுநாள் உழைக்கும்; ஆனால் பழுதானால் உள்ளே உள்ள பாகம் முழுவதையுமே மாற்ற வேண்டும். சில ரூபாய் வாஷரில் எழுந்து நிற்கும் பழைய பித்தளைக் குழாயிடம் எனக்கு உள்ள பரிவை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் குழாயாயினும், மாற்றிய பின் வால்வைச் சிறிது சிறிதாகத் திறவுங்கள். பிறகு உலர்ந்த காகிதம் ஒன்றைக் குழாயின் அடியில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்.