நிறம் போனால் நஞ்சும் போயிற்றா?

(பரமக்குடியில் நெசவாளர், சாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பரமக்குடிக்கும் எமனேஸ்வரத்துக்கும் வந்து சாயத்தைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற காரியம். ஆனால் நாம் பேச வந்தது நூலைப் பற்றியல்ல. நூலை எடுத்தபின் தொட்டியில் மிஞ்சுகிற தண்ணீரைப் பற்றி. அந்தத் தண்ணீரைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தம் செய்யலாம் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். செய்யலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த விஞ்ஞானத்தில் பாதியை மட்டும் செய்துவிட்டு, முழுவதும் முடிந்துவிட்டது என்று கணக்குக் காட்டவும் இடமிருக்கிறது. அதனால்தான் நாம் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் இந்தக் கடற்கரையே சாயம் கொடுத்தது. இம்பூறல் என்ற சிறு செடியின் வேர்தான் சாயவேர். இராமேசுவர வேர் என்றும் அதற்கு ஒரு பெயருண்டு. மணலைத் தோண்டி அந்த வேரை எடுத்துச் சிவப்புத் தோய்த்தார்கள். 1856இல் லண்டனில் பெர்க்கின் என்ற 18 வயது இளைஞன் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் கண்டுபிடித்தான். அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனியின் ரசாயனச் சாலைகள் சிவப்பையும் செய்துவிட்டன. வேர் தோண்டியவர்களின் பிழைப்பு மண்ணோடு போயிற்று. அது ஒரு பெரிய கதை. இன்னொரு நாள் பேசுவோம்.

வெயிலுக்கு வெளுக்காது, சோப்புக்குப் போகாது, வியர்வைக்குக் கரையாது என்று சொல்லித்தானே இந்தச் சாயங்களை விற்கிறார்கள்? துணியில் இருக்கிறவரை அது நல்ல குணம். தண்ணீரில் கலந்துவிட்டாலோ அதே குணம்தான் கேடு. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில், சாயத்தின் ரகத்தைப் பொறுத்து, 100 பங்குக்கு 10 முதல் 40 பங்குவரை நூலைப் பற்றாமலே கழிவில் போகிறது. அது எளிதில் அழியாது.

இங்கேதான் நுண்ணுயிர் வருகிறது. இன்று புழங்கும் சாயங்களில் பெரும்பகுதி அசோ சாயம். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும் கண்ணிதான் அதன் நிறத்துக்கு ஆதாரம். காற்றுப் புகாத தொட்டியில் வளரும் பாக்டீரியாக்கள் அந்தக் கண்ணியை அறுத்துவிடும். அவை சாயத்தை ஆசையோடு தின்பதாக நினைத்துவிடாதீர்கள். அவற்றுக்கு வேறு தீனி வேண்டும். பாவுக்குப் போட்டுக் கழுவிய கஞ்சித் தண்ணீர்கூடப் போதும். அந்தத் தீனியைச் செரிக்கும் வேலையோடு வேலையாகச் சாயத்தின் கண்ணியும் அறுகிறது. இரத்தம்போல் இருந்த தண்ணீர் வெளிறிப் போகிறது. அதிகாரி வருகிறார், கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்கிறார், "பேஷ்!" என்கிறார்.

ஆனால் அறுந்த துண்டுகள் எங்கே போயின? அவை நிறமில்லாமல் அந்தத் தண்ணீரிலேயே இருக்கின்றன. அமீன்கள் என்று அவற்றுக்குப் பெயர். எல்லா அமீனும் நஞ்சல்ல. ஆனால் பென்சிடின் போன்ற சில, மூத்திரப் பையில் புற்றுநோய் உண்டாக்குபவை. 1895லேயே பிராங்பர்ட் நகரத்து டாக்டர் ரேன், சாயச் சாலைத் தொழிலாளர்களிடம் இந்த நோயைக் கண்டு உலகுக்குச் சொன்னார். தொழிலாளியின் உடம்புதான் முதல் ஆராய்ச்சிக்கூடமாயிற்று!

ஆகவே இரண்டாவது தொட்டி வேண்டும். அதில் காற்றை ஊத வேண்டும். அங்கே வேறு கூட்டத்துப் பாக்டீரியாக்கள் பிராணவாயுவைக் கொண்டு அமீன்களில் பலவற்றைச் சிதைக்கின்றன. மரத்தை மக்கவைக்கும் வெண்காளான் வகைகளும் சாயத்தைச் சிதைக்க வல்லவை. ஆனால் ஆராய்ச்சிக் குடுவையில் செய்யும் வேலையை அவை பெரிய தொட்டியில் நாள் தவறாமல் செய்வது கடினம். ஊதுகிற காற்றுக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குக் காசு வேண்டும். முதல் தொட்டியோடு நின்றுவிடும் ஆசை முளைப்பது இந்த இடத்தில்தான்.

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். உடுத்தியவரின் உடம்பில் பட்டால் இத்தகைய அமீனாகச் சிதையக்கூடிய சாயங்களை, துணியில் போடக்கூடாது என்று 1994இல் ஜெர்மனி சட்டம் செய்தது. 1990களில் நம் நாட்டிலும் 112 சாயங்கள் தடை செய்யப்பட்டன. நல்லது. ஏற்றுமதித் துணியைச் சோதனைச்சாலைக்கு அனுப்பி அமீன் உண்டா என்று பார்க்கிறார்கள். தொட்டியிலிருந்து வாய்க்காலுக்குப் போகும் தண்ணீரில் யார் பார்க்கிறார்கள்?

இனி உப்பு. நொய்யல் கதை உங்களுக்குத் தெரியும். 1992இல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அணைத் தண்ணீரைத் திறந்துவிடாதே என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. கழிவை ஒரு சொட்டும் வெளியேற்றாத ஏற்பாடில்லாத சாய ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கு மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன. ஆற்றைக் கெடுத்து இலாபம் பார்த்தவர்கள் ஒருபுறம்; வேலையிழந்து மூட்டை கட்டியவர்கள் மறுபுறம்.

நொய்யலைக் கெடுத்தது நிறம் மட்டுமல்ல, உப்பும்தான். ரியாக்டிவ் சாயம் நூலைப் பற்றுவதற்கு லிட்டருக்கு 50 கிராம், 80 கிராம் என்று உப்புப் போடுகிறார்கள். கடல் நீரிலேயே ஏறக்குறைய 35 கிராம்தான்! அலசு தண்ணீர் சேர்ந்து கழிவில் உப்பு குறையும். ஆனாலும் தமிழகத்தில் வெளியே விட அனுமதித்த அளவு, கரைந்த உப்புகள் எல்லாம் சேர்த்து, லிட்டருக்கு 2,100 மில்லிகிராம்தான். எந்த நுண்ணுயிரும் இந்த உப்பைத் தின்று தீர்க்காது. சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சித்தான் பிரிக்க வேண்டும். அதுமட்டுமல்ல, நன்னீரில் பழகிய பாக்டீரியா இந்த உப்பில் சோர்ந்து போகும். உப்பிலேயே வாழப் பழகியவற்றைத் தேட வேண்டும். பல நாடுகளில் கடல் மண்ணிலிருந்தும் உப்பளத்திலிருந்தும் அப்படிப்பட்டவற்றைப் பிரித்தெடுத்து, சாயத்தை வெளுக்க வைத்திருக்கிறார்கள். வாலிநோக்கத்தில் சர்க்காரின் உப்பளமே இருக்கிறது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஜில்லா எது?

வைகை பெரும்பாலும் கடலைத் தொடாத ஆறு. மதுரையைக் கடந்து, பரமக்குடியைக் கடந்து, இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்குகிறது. ஆகவே அதில் விட்டது எதுவோ அது கண்மாயிலும் கிணற்றிலும்தான் தங்கும். வெள்ளம் வந்தால் ஆற்றங்கரை வழியாகப் பாக் நீரிணைக்குப் போகும். அங்கே கடற்புல்லுக்கு வெளிச்சம் வேண்டும். நிறம் ஏறிய நீர் வெளிச்சத்தை மறைக்கும். பாம்பன், இராமேசுவரம் பக்கத்தில் கடற்பாசி எடுக்க மூழ்குகிற பெண்களிடம் கேளுங்கள், கலங்கிய கடலில் என்ன கிடைக்கும் என்று.

செலவு யாருடையது? வீட்டுக் கொல்லையில் இரண்டு தொட்டி வைத்துச் சாயம் போடுகிறவன் சவ்வும் கொதிகலனும் வாங்க முடியாது. அவன்மேல் வழக்குப் போடுவது சுலபம். நூலைக் கொடுத்துத் துணியை வாங்கி விற்கிற பெரிய வியாபாரியும் சர்க்காரும் பணம் போட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டும். அதை நடத்தும் செலவை மீட்டருக்கு இவ்வளவு என்று துணி விலையில் சேர்க்க வேண்டும், கூலியில் பிடிக்கக்கூடாது. நிலையத்தை மேற்பார்க்கும் கமிட்டியில் சாயத் தொழிலாளியும் கண்மாய்ப் பாசன விவசாயியும் உட்கார வேண்டும்.

அப்படி ஒரு நிலையம் வருகிறது என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள், தோழர்களே. இரண்டாவது தொட்டியில் காற்று ஊதுகிறதா, அமீன் சோதித்தீர்களா? வெளியே வரும் நீரில் உப்பு எத்தனை மில்லிகிராம்? அடியில் சேரும் சேற்றை எங்கே கொட்டப் போகிறீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.